பெயின்ட் கீறலும் எட்டாத ரிமோட் சாவியும்: செலவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: நான்கு ஆண்டுகள் ஓடிய கருநிறக் காரின் கதவில் ஒரு நீளக் கீறல் விழுந்திருக்கிறது, பானெட் முழுவதும் வெயில் படும்போது மட்டும் மெல்லிய வளையக் கோடுகள் தெரிகின்றன, முன்பு வாகன நிறுத்தத்தின் மறுகோடியிலிருந்தே வேலை செய்த ரிமோட் சாவி, இப்போது கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால்தான் வேலை செய்கிறது. பணிமனையில் காட்டியபோது, கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டும், சாவியைப் புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் தகவல்களை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு முடிவுகளுக்கும் இன்னும் ஆதாரம் இல்லை என்பதே என் கருத்து. கீறல் பெயின்ட்டின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கோளாறு சாவியில் இருக்கிறதா, காரில் இருக்கிறதா, கார் நிற்கும் இடத்தில் இருக்கிறதா என்றும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் நீங்களே, செலவின்றி, ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

முதலில் கீறல். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பு நான்கு அடுக்குகளைக் கொண்டது. தகட்டின் மீது நேரடியாக இருப்பது, கார் உடலையே தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்திப் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு. அது ஏறத்தாழ 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் உடையது. அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நிறம் தரும் அடுக்கு பெரும்பாலும் 15 முதல் 20 மைக்ரான் வரையிலும், கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரையிலும் இருக்கும். நான்கையும் சேர்த்தால் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவு. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதால், கிளியர் கோட் ஒரு முடியின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு, மழையைத் தாங்கும் திறன், நிறம் வெளுக்காமல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் ஆகிய அனைத்தும் இந்த மெல்லிய அடுக்கை நம்பியே இருக்கின்றன. கீறலைப் போக்குவதாகச் சொல்லப்படும் எந்தத் தேய்ப்பும் இந்த அடுக்கைக் குறைத்துத்தான் கீறலை மறைக்கிறது. குறைந்தது மீண்டும் வளராது. எனவே தேய்க்கும் முன் சோதிப்பது இங்கே மிக முக்கியம்.

அந்த இடத்தை ஷாம்பூ நீரால் நன்றாகக் கழுவி, உலர்த்தி, நிழலில் நின்று பாருங்கள். கீறல் போலத் தெரிவது சில நேரங்களில் கீறலே அல்ல. உரசிய பொருளின் பெயின்ட்டோ ரப்பரோ உங்கள் கார் மீது ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரையோ தூணையோ இன்னொரு வண்டியையோ உரசிய பம்பர்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அடியில் உண்மையான கீறல் இருந்தால் அப்போதுதான் அது வெளிப்படும். தின்னரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது ஒட்டிய பெயின்ட்டோடு உங்கள் பெயின்ட்டையும், குறிப்பாக ஏற்கெனவே மறுபூச்சு கண்ட பகுதிகளை, கரைத்துவிடும்.

அடுத்து, கீறலின் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு கண்ணுக்கு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருமானால், அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கும் கீறல். பாலிஷ் செய்தால் போய்விடும் அல்லது பெரிதும் மங்கும். பிறகு விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டுப்படாமல் வழுக்கிச் சென்றால் ஆழம் குறைவு. தட்டுப்பட்டு நின்றால் பாலிஷ் மட்டும் போதாது. நகச் சோதனையை முழுமையான அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. அகலமாக, சரிவாக விழுந்த ஆழமான கீறலில் நகம் வழுக்கிவிடுவதும் உண்டு. ஆகவே இறுதித் தீர்ப்பைக் கீறலுக்குள் தெரியும் நிறத்திடம் விடுங்கள். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கருநிறக் காரில் வெண்மையான கோடு மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் உடைந்த கிளியர் கோட்டின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதுதான். பலர் இதையே பிரைமர் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். தண்ணீரில் மறையாத சாம்பல் நிறமோ, பழுப்பு வெள்ளையோ தெரிந்தால் பிரைமர். பளிச்சிடும் உலோகமோ துருவின் செம்பழுப்போ தெரிந்தால் தகடுவரை போய்விட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அடியிலுள்ள பிளாஸ்டிக்.

கிளியர் கோட்டுக்குள் நிற்கும் கீறலுக்கு வேண்டியது பாலிஷ் மட்டுமே. அதிலும் மென்மையான பாலிஷில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் சற்றுக் கரகரப்பான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். பணிமனைகளில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இது தலைகீழாக நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயின்ட் குளிர்ந்திருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும், தூசி துளியும் இருக்கக் கூடாது. கையால் செய்வதானால் நுரைப் பஞ்சுத் திண்டில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அகலமுள்ள பகுதியில் மட்டும், மிதமான அழுத்தத்தில் தேய்த்து, துடைத்து, பார்த்து, பிறகே தொடர வேண்டும். இயந்திரம் பயன்படுத்துவதானால் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேண்டாம்; சுழன்றுகொண்டே அலைவும் செய்யும் வகை பழகாத கைக்குப் பாதுகாப்பானது. ரோட்டரி ஓரிடத்தில் சில நொடிகள் கூடுதலாக நின்றாலே சூடேறிக் கிளியர் கோட்டைத் தின்றுவிடும். கதவின் மடிப்புக் கோடுகளிலும் பானெட்டின் விளிம்புகளிலும் பூச்சு மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்வது நல்லது.

பற்பசை தேய்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பற்பசையிலும் தேய்ப்புத் துகள்கள் இருப்பதால் மிக மெல்லிய கோடுகள் சற்று மங்குவது உண்மைதான். ஆனால் அதன் துகள் அளவு பெயின்ட்டுக்காகத் தீர்மானிக்கப்பட்டதல்ல. கருநிறத்தில் அது ஒரு கோட்டை மறைத்துச் சுற்றிலும் மங்கலான ஒரு திட்டை விட்டுச் செல்லும். எண்ணெய், மெழுகு, வேசலின் போன்றவை கீறலை நிரப்பி ஒளிச்சிதறலைக் குறைப்பதால் உடனே மறைந்ததுபோல் தோன்றும். இரண்டு மூன்று முறை கழுவியதும் கோடு திரும்ப வந்துவிடும். கீறல் நீக்கி என்று விற்கப்படும் பல திரவங்கள் பாதி தேய்ப்பும் பாதி நிரப்பலும்தான். நிரப்பி மறைப்பது தவறல்ல. பூச்சை இழக்காமல் கண்ணுறுத்தலைக் குறைக்கிறது என்ற வகையில் சில நேரங்களில் அதுவே அறிவார்ந்த தேர்வு. அதை நிரந்தரத் தீர்வு என்று நம்பி வாங்குவதுதான் ஏமாற்றத்தைத் தருகிறது.

உங்கள் பானெட்டில் தெரியும் வளையக் கோடுகள் இதே வகையைச் சேர்ந்தவை. அவை உண்மையில் வளையங்கள் அல்ல. பல திசைகளிலும் கிடக்கும் நுண்கீறல்களில், ஒளி விழும் கோணத்துக்குக் குறுக்காக உள்ளவை மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் தோன்றுகின்றன. இவற்றை உண்டாக்குவது பெரும்பாலும் கழுவும் முறைதான்: தினமும் காலையில் தூசியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது, தரையில் விழுந்த துணியை அப்படியே மறுபடி பயன்படுத்துவது, தூசி படிந்த கார் மீது உறை போட்டுக் காற்றில் உரசவிடுவது. முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மணலை இறக்கிவிட்டு, மேலிருந்து கீழாகக் கழுவி, துணியை அலசுவதற்குத் தனி வாளி வைத்துக்கொண்டால் புதுக் கோடுகள் பெரிதும் குறையும். அந்தப் பழக்கத்தை மாற்றாமல் பானெட்டை ஆண்டுதோறும் பாலிஷ் செய்வது மிக மோசமான வழி. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் குறைந்து, ஒருநாள் கிளியர் கோட் வெளுத்து உரியத் தொடங்கும். அதன் பிறகு மறுபூச்சைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி, கதவின் நீளக் கீறலில் பிரைமரின் நிறம் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதவு முழுவதையும் பூச வேண்டும் என்பதில்லை. கோடு மெல்லியதாக இருந்தால், கீறலுக்குள் மட்டும் துளியாக வைக்கும் டச் அப் பெயின்ட் போதும். இதற்கு முதலில் வேண்டியது உங்கள் காரின் பெயின்ட் குறியீடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டுக்கு அடியிலுள்ள தகட்டிலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். நிறத்தின் பெயரைச் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு குறியீடுகள் வந்திருக்கலாம்.

கீறலைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையையும் பழைய மெழுகையும் நீக்குங்கள். மெழுகு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பெயின்ட் குப்பியோடு வரும் தூரிகை பெரும்பாலும் தேவைக்கு மிகத் தடிமனானது. அதை ஒதுக்கிவிட்டு, பல்குத்தும் குச்சி ஒன்றின் முனையையோ, மிக மெல்லிய ஓவியத் தூரிகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் ஒரு துளி மட்டும் நிற்க வேண்டும். அந்தத் துளியைக் கீறலுக்குள் தொட்டுவிட்டால் அது தானே பள்ளத்தில் ஓடிப் பரவும். இழுத்துப் பூசினால் கீறலுக்கு வெளியே வழிந்து கீறலைவிட அகலமான ஒரு தடத்தை உண்டாக்கும். முதல் அடுக்கு காய்ந்ததும் சுருங்கிப் பள்ளம் மறுபடி தெரியும், அது இயல்புதான். மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய இடைவெளி விட்டு, நிறம் சுற்றுப்புற மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்வரை நிரப்பி, அதன் மேல் கிளியர் கோட்டை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி விட வேண்டும். அதைச் சமன்படுத்த அவசரப்படாமல் குறைந்தது ஒரு வாரமாவது விட்டுவைப்பது நல்லது. பிறகு, 2000 அல்லது 3000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் ஊறவைத்து, சிறு ரப்பர் துண்டில் சுற்றி, மேடாக நிற்கும் டச் அப்பை மட்டும் மிக மெதுவாகத் தேய்த்து, இறுதியில் பாலிஷ் செய்யலாம். கைப்பழக்கம் இல்லாதவர் இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. கதவுக்கு நேரே ஓரடி தூரத்தில் நின்று பார்த்தால் தடம் தெரியும். நான்கு அடி தள்ளி நின்றால் தெரியாது.

உங்கள் கார் மெட்டாலிக் நிறமாக இருந்தால் இன்னொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த நிறத்தில் மிதக்கும் அலுமினியத் துகள்கள், ஸ்பிரே செய்யும்போது ஒருவிதமாகவும் துளியாக வைக்கும்போது வேறுவிதமாகவும் படுத்துக்கொள்கின்றன. அதனால் குறியீடு சரியாக இருந்தும் டச் அப் பகுதி சற்று இருண்டு தெரியும். பெயின்ட் தவறானது என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. மேட் வகைப் பூச்சுள்ள கார்களுக்கு இதுவரை சொன்ன பாலிஷ் எதுவும் பொருந்தாது. தேய்த்த இடம் பளபளத்து நிரந்தரத் திட்டாக நின்றுவிடும்.

தகடு தெரிந்தால் மட்டுமே அவசரம். எஃகுத் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அது சிறிது காலம் துருவைத் தள்ளிப்போடும், நிறுத்திவிடாது. ஈரமும் உப்புக் காற்றும் உள்ள இடங்களில் வெறும் தகடு சில நாள்களிலேயே பழுப்பேறும். துரு தொடங்கியிருந்தால் மெல்லிய உப்புத்தாள் துண்டால் கீறலுக்குள் மட்டும் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் வந்த பிறகு துருத்தடுப்புப் பிரைமர், பிறகு நிறம் என்று போக வேண்டும். துருவின் மேலேயே நிறத்தைப் பூசினால் அது உள்ளுக்குள் பரவி, சில மாதங்களில் கொப்புளமாக எழும்பி, சுற்றியுள்ள நல்ல பூச்சையும் தூக்கிவிடும். அலுமினியப் பகுதிகளில் செந்துரு வராது என்றாலும் வெண்பொடியாக அரிப்பு ஏற்பட்டுப் பூச்சு எழும்புவது உண்டு. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கவலை எதுவும் இல்லை. உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது செய்துகொள்ளலாம்.

கீறல் அகலமாகவோ, நசுங்கலோடு சேர்ந்தோ இருந்தால் மறுபூச்சுதான் சரி. தொழிற்சாலையில் கிளியர் கோட் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுடப்படுகிறது; முழுதாகக் கட்டி முடிக்கப்பட்ட காரில் பிளாஸ்டிக்கும் மின்னணுப் பொருள்களும் இருப்பதால் பணிமனையில் 60 டிகிரி அளவில், ஹார்டனர் எனும் கடினமாக்கும் திரவம் கலந்த பெயின்ட்டைக் கொண்டுதான் செய்ய முடியும். நன்றாகச் செய்தால் அதுவும் நெடுங்காலம் உழைக்கும். நிறம் ஒத்துப்போக, பக்கத்துப் பகுதிகளிலும் மெல்லக் கரைத்துப் பூசுவார்களா, கைப்பிடியையும் பட்டைகளையும் கழற்றிவிட்டுப் பூசுவார்களா, டேப் ஒட்டிப் பூசுவார்களா என்பதை முன்பே கேளுங்கள். டேப் ஒட்டிய விளிம்பில்தான் பூச்சு முதலில் உரியும். ஹார்டனர் கலந்த ஸ்பிரே டப்பாக்களை வீட்டில் அடிக்க நினைக்காதீர்கள். அவற்றிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பம்பரைப் பொறுத்தவரை, அதன் பின்னால் ராடார் வைத்துள்ள புதிய கார்களில், பட்டி தடவுவதும் மெட்டாலிக் பெயின்ட்டைப் பல அடுக்கு ஏற்றுவதும் 77 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அந்த அலையை மங்கச் செய்யும். எனவே அத்தகைய பம்பரைப் பூசும் முன் அந்தக் காருக்குரிய பழுதுபார்ப்பு வழிகாட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்புப் பூச்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ளது; அழுக்கு ஒட்டாமலும் கழுவ எளிதாகவும் இருக்க உதவும், சாவி முனையால் விழும் கீறலைத் தடுக்காது. விளம்பரங்களில் வரும் 9எச் என்பது பென்சில் முனை கொண்டு செய்யும் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. உண்மையிலேயே கீறலைத் தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் படலம்தான். அதைக் கார் முழுவதும் ஒட்டாமல் முன் பம்பர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி ஆகிய இடங்களில் மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடும்.

இனி ரிமோட் சாவி. பொத்தானை அழுத்தும்போது சாவி ஒரு வானொலிச் செய்தியை அனுப்புகிறது. நாட்டைப் பொறுத்து அது 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், சில கார்களில் 868 மெகாஹெர்ட்ஸிலும் இருக்கும். 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அதற்குத் தகுந்த ஆன்டெனா 17 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சாவியில் அதற்கு இடமில்லை என்பதால், சுற்றுப்பலகையின் ஓரத்திலேயே ஒரு செப்புக் கோட்டை ஆன்டெனாவாக வைத்திருக்கிறார்கள். அது தொடக்கத்திலிருந்தே திறன் குறைந்த ஏற்பாடு. ஆகவே செல் (சாவிக்குள் இருக்கும் சிறு வட்ட பேட்டரி), அதைத் தொடும் தொடுமுனை, காரில் அலையைப் பெறும் ஏற்பி, சுற்றுப்புற இரைச்சல் இவற்றில் எது சற்றுப் பிசகினாலும் முதலில் குறைவது தூரம்தான். தூரம் குறைந்துவிட்டது என்ற ஒரே அறிகுறியை வைத்து எந்தப் பகுதி பழுதானது என்று சொல்லவே முடியாது. உங்கள் பணிமனை சாவியைக் கைகாட்டியது வெறும் ஊகம்.

பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். காரோடு வந்த இரண்டாவது சாவியை எடுத்து, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் எட்டவில்லை என்றால் குறை அந்தச் சாவியில். இரண்டுமே எட்டவில்லை என்றால், காரை வேறொரு திறந்த வெளிக்கு ஓட்டிச் சென்று மறுபடி பாருங்கள். அங்கே இரண்டும் நன்றாக வேலை செய்தால் உங்கள் வாகன நிறுத்தத்தில் இடையூறு இருக்கிறது. அங்கும் எட்டவில்லை என்றால் பெரும்பாலும் காரில்தான் குறை. இரண்டாவது சாவியின் செல் பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்து தீர்ந்திருக்கலாம் என்பதால், சோதனைக்கு முன் இரண்டிலும் புதுச் செல்லைப் போட்டுவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

செல்லின் மேல் சிஆர் 2032 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தை மில்லிமீட்டரிலும், அடுத்த இரண்டு தடிமனைப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. 2032க்குப் பதில் 2025ஐப் போட்டால் விட்டம் ஒன்றாக இருப்பதால் உட்கார்ந்துவிடும், தடிமன் 0.7 மில்லிமீட்டர் குறைவதால் தொடுமுனை சரியாகப் படாமல், சில நேரம் எட்டும், சில நேரம் எட்டாது. புதுச் செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடலாம். ஆனால் 3 வோல்ட் காட்டுகிறது என்பதால் செல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயதான செல்லின் உள்மின்தடை உயர்ந்துவிடுகிறது. மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காததால் நல்ல எண்ணைக் காட்டும், பொத்தானை அழுத்தி வானொலி பல மில்லியாம்பியர் இழுக்கும் கணத்தில் வோல்ட் சரியும். குளிரில் இது இன்னும் மோசமாகும். செல் காரணமானால் தூரம் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைந்திருக்கும். நேற்றுவரை எட்டியது இன்று திடீரென எட்டவில்லை என்றால் வேறு காரணத்தையும் தேடுங்கள். திறந்த வெளியில் அலையின் ஆற்றல் பாதியானால்கூட எட்டும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. 30 மீட்டர் 3 மீட்டராக வேண்டுமானால் ஆற்றல் நூறில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

செல்லை மாற்றும்போது சாவிக்குள்ளே கவனமாகப் பாருங்கள். செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டுக் கால்கள் பலமுறை மாற்றியதில் அமுங்கிப் போயிருக்கும். மரக்குச்சி ஒன்றால் இம்மியளவு தூக்கிவிட்டாலே பல சாவிகள் உயிர்பெற்றுவிடும். கால்கள் பலகையோடு சேரும் ஈயப் பற்று வட்டமாக வெடித்திருக்கிறதா, பச்சை அல்லது வெண்ணிறப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வியர்வையும் மழைநீரும் புகுந்த சாவிகளில் இது சகஜம். படிவை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிடலாம். புதுச் செல்கள் சிலவற்றில், குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகக் கசப்புப் பூச்சு தடவியிருக்கிறார்கள். சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடுமுனையில் மின்தொடர்பைக் கெடுக்கிறது. அப்படியானால் தொடும் இடத்தை மட்டும் ஆல்கஹாலால் துடையுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிட வேண்டாம். ஒரு குழந்தை விழுங்கினால், தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் செல்லும் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். டேப் சுற்றி எட்டாத இடத்தில் வைத்து, உரிய முறையில் அகற்றுங்கள்.

இரண்டு சாவிகளும் எட்டாமல், இடம் மாறியும் பயனில்லாதபோது, கடைசியாகக் காரில் என்ன சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர், டேஷ் கேமரா, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட எல்இடி விளக்கு ஆகியவை வானொலி இரைச்சலை உண்டாக்கி ஏற்பியைச் செவிடாக்கக்கூடியவை. ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். கண்ணாடிக்கு உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் உள்ளே போகும் அலையைத் தடுக்கும். சில கார்களில் ஏற்பியின் ஆன்டெனா பின்கண்ணாடியிலேயே இருப்பதால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் ஆன்டெனாவுக்கோ அதன் பெருக்கிக்கோ போகும் வயரையும் இணைப்பையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இடத்தின் இடையூறு என்றால், 433 மெகாஹெர்ட்ஸைக் கதவுத் திறப்பான்கள், வானிலைக் கருவிகள், அழைப்பு மணிகள் எனப் பல பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று பொத்தான் சிக்கி ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால், சுற்றியுள்ள எல்லாக் கார்ச் சாவிகளும் சேர்ந்தே பலவீனமாகும். பக்கத்தில் கார் நிறுத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் இதே தொல்லை இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

பையிலிருந்து எடுக்காமலேயே கதவு திறக்கும் வகைச் சாவிகளில் நடப்பது வேறு. அங்கே கார்தான் முதலில் 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலையில் கூப்பிடுகிறது. அது ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது, எட்டவும் கூடாது. சாவி அந்தக் கூப்பாட்டுக்காக எந்நேரமும் காத்திருப்பதால் செல் விரைவில் தீர்கிறது. வீட்டிலும் காரின் அருகிலோ, தொலைக்காட்சி, மடிக்கணினி, வயர்லெஸ் சார்ஜர் ஆகியவற்றின் பக்கத்திலோ வைத்தால் இன்னும் விரைவாகத் தீரும். திருடர்கள் அலையை நீட்டித்துக் காரைத் திறப்பதைத் தடுக்க, சில நிமிடம் அசையாமல் கிடந்தால் உறங்கிவிடும் சாவிகளும் உண்டு. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

சாவி முற்றிலும் ஓய்ந்துவிட்டாலும் காருக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலான ரிமோட் உறைகளுக்குள் உலோகச் சாவி ஒன்று செருகப்பட்டிருக்கும், அதற்கான துளை கைப்பிடி மூடியின் அடியில் ஒளிந்திருக்கலாம். என்ஜினை அனுமதிக்கும் சில்லு செல் இல்லாமலேயே இயங்கக்கூடியது. கையேட்டில் குறித்த இடத்தில், பெரும்பாலும் ஸ்டார்ட் பொத்தானின் மீதே, சாவியை ஒட்டிப் பிடித்தால் வண்டி புறப்படும். தூரத்தில் நின்று அழுத்தும்போது சாவியைத் தாடையோடு ஒட்டிப் பிடித்தால் கூடுதலாக எட்டும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான், நீர் நிறைந்த தலை அந்தச் சிறு ஆன்டெனாவோடு இணைந்து அலையை நன்றாகப் பரப்புகிறது. எட்டாத தூரத்தில் விளையாட்டாகப் பலமுறை அழுத்துவதை மட்டும் தவிருங்கள்: ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுவதால், சாவியின் எண்ணிக்கை காரின் எண்ணிக்கையைவிட வெகுதூரம் முந்திப் போய், இரண்டும் ஒத்துப்போகாமல் ஆகிவிடலாம். அப்படி ஆனால் கையேட்டில் உள்ள மறு இணைப்பு முறையைச் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சாவி மட்டும், புதுச் செல்லோடு, சுத்தமான தொடுமுனையோடு, எந்த இடத்திலும் எட்டவில்லை என்றால்தான் அந்தச் சாவிக்குச் செலவு செய்ய வேண்டும். அதிலும் பொத்தான் தேய்ந்தது, உறை உடைந்தது, பற்று விட்டது ஆகியவற்றைப் பலகையோடு வேலை செய்யத் தெரிந்த ஒருவர் சரிசெய்துவிடுவார். கீழே விழுந்ததில் அலைவரிசையை நிலைநிறுத்தும் துண்டு பிசகியிருந்தால் மாற்றுவதே நேரான வழி. மலிவாகக் கிடைக்கிறது என்று வேறொரு காரில் இருந்த பழைய சாவியை வாங்கிவிடாதீர்கள், பல வகைகளில் அது முதல் காரோடு பூட்டப்பட்டுவிடுவதால் உங்கள் காரில் சேர்க்க முடியாமல் போகும். புதுச் சாவியைப் பதிவு செய்யும் நாளில் வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். சில கார்களில் பதிவின்போது எதிரே இல்லாத சாவிகள் நினைவகத்திலிருந்து அழிக்கப்பட்டுவிடும்.